செம்மஞ்சள் வயர்

கராஜில் பெயின்ற் தகரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். மேல்தட்டுக்குள் கையை விட்டதும் கனமான ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து தோளில் விழுந்தது. செம்மஞ்சள் நிற வயர்ச் சுருள். இருபத்தைந்து மீற்றர் நீளம், இரண்டு முனையிலும் கைமுட்டியளவு நீலப் பிளக். காம்பர் வானை விற்றபோது, வாங்கிய பெடியன் தன்னிடம் புதிதாக ஒன்று இருக்கிறது என்று இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

சுருளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ரப்பர் மணத்துக்கு அடியில் காய்ந்த புல்லும் மழைச்சேறும் கொஞ்சம் ஆட்டுப்புழுக்கையும் மணத்தன. பதினைந்து கோடைகாலம் அதற்குள் ஒட்டிக் கிடந்தது. பெயின்ற் தகரத்தை மறந்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியில் குந்திவிட்டேன்.

அந்த வானை கென்ற் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் வாங்கினோம். எஞ்சினைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னார். முகாமில் நிற்கும் கரண்ட் கம்பத்திலிருந்து வானுக்குக் கரண்ட் கொண்டுவரும் இந்த வயரைப் பற்றி முக்கால் மணித்தியாலம் சொன்னார். தேத்தண்ணி ஆறிப்போனது. "முதலில் வான், பிறகு கம்பம். கழற்றும்போது முதலில் கம்பம், பிறகு வான்." இதை என்னைக்கொண்டு மூன்று தரம் சொல்வித்தார். ஒரு முனையைக் கம்பத்தில் செருகிவிட்டு மற்ற முனையைக் கையில் பிடித்தபடி ஈரப்புல்லில் நடக்கிறவன் கையில் 230 வோல்டைக் கொண்டு திரிகிறான் என்பது அவர் கட்சி. பிறகு உள்ளே போய், ஒன்றோடொன்று உருகி ஒட்டிப்போன பழைய வயர்ச் சுருள் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். அவருடைய நண்பர் ஒருவர் நாலு மீற்றரை மட்டும் இழுத்தெடுத்து, மிச்சத்தைச் சுருளாகவே விட்டு, இரவு முழுக்க ஹீற்றர் போட்டதன் பலன் அது. சுருண்டு கிடக்கும் வயருக்குள் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லை. "தேவை நாலு மீற்றர்தான் என்றாலும் இருபத்தைந்தையும் புல்லில் விரித்துப் போடு" என்றார். காசை எண்ணி வாங்கும்போது அவர் இவ்வளவு கவனமாக இருக்கவில்லை.

முதற் பயணம் லேக் டிஸ்ட்ரிக்ற். கெசிக் ஊருக்குப் பக்கத்தில் டேர்வென்ற்வோட்டர் ஏரிக்கரை. பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னன். பாதி வழியிலிருந்தே மழை. எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் முழங்கால் உயரக் கம்பம் ஒன்று நின்றது. அதன் மூடியைத் தூக்கினால் உள்ளே நீலத் துளைகள். வாத்தியார் சொன்ன ஒழுங்கில் வானின் விலாவிலிருந்த சின்னக் கதவைத் திறந்து ஒரு முனையைச் செருகி, மழையில் வயர் முழுவதையும் பாம்புபோல விரித்துப் போட்டு, மற்ற முனையைக் கம்பத்தில் அழுத்தி முறுக்கினேன். வானுக்குள்ளே சின்ன விசிறி ஒன்று 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்கியது. சார்ஜர் உயிர்பெற்ற சத்தம். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன்போல உள்ளே ஏறினேன்.

மனைவி வீட்டிலிருந்து கேத்திலைக் கொண்டுவந்திருந்தாள். வீட்டுச் சமையலறையில் பாவிக்கும் மூன்று கிலோவாட் கேத்தில். பிள்ளைகளுக்குக் குளிர்கிறதென்று இரண்டு கிலோவாட் விசிறி ஹீற்றரும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சூடாகத் தொடங்கியிருக்காது, எல்லாம் அணைந்தது. ஹீற்றர் இல்லை, கேத்தில் இல்லை, விசிறியின் முனகலும் இல்லை. கூரை லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கம்பத்துப் பெட்டிக்குப் பூட்டு. வார்டனைத்தான் கூப்பிட வேண்டும். மழையங்கியோடு வந்த அந்தப் பெண் எட்டிப் பார்த்து, கேத்திலைக் கண்டதும் சிரித்துவிட்டார். இங்கே ஒரு வானுக்குப் பத்து அம்பியர். பத்தை 230 ஆல் பெருக்கினால் 2300 வாட். நாங்கள் கேட்டதோ ஐயாயிரம். முகாமிடுகிறவர்களுக்கென்றே ஆயிரம் வாட்டுக்கு உட்பட்ட கேத்தில் விற்கிறார்களாம், கொதிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்குமாம். "விடுமுறையில்தானே வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு சுவிச்சைத் தட்டிவிட்டுப் போனார்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. கேத்திலைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. "எல்லாம் நிண்டது, லைட் மட்டும் ஏனப்பா நிக்கேல்லை?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போய்த்தான் நான் சைக்கிளுக்குப் போனேன்.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. இன்று வரும் நாளை வரும் என்று பார்த்து, பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டோம். மண்ணெண்ணெய் தங்கமாகிவிட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சமாக எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்தோம். ரோச் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். இருந்த பழையதுகளை அம்மா மிளகாயோடு சேர்த்து வெயிலில் காயவைப்பா. சூடேறினால் அரை மணித்தியாலம் கூட உழைக்கும். அதுவும் முடிந்த பிறகு ரேடியோவுக்கு வழியில்லை. ரேடியோ இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. எங்கள் பக்கத்து ஊர்ச் செய்தி லண்டனிலிருந்து பிபிசி தமிழோசையாகவும், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலியாகவும்தான் வந்துகொண்டிருந்தது.

அண்ணை சைக்கிளைத் திண்ணையில் தலைகீழாக நிறுத்தினார். பின்சில்லில் டைனமோ. அதன் இரண்டு வயரையும் ரேடியோவின் பற்றரிப் பெட்டிக்குள் கொடுத்துவிட்டு, என்னைப் பெடலைக் கையால் சுற்றச் சொன்னார். சுற்றினேன். ரேடியோவுக்குள் வண்டு புகுந்ததுபோல ஒரே இரைச்சல். தமிழும் இல்லை, லண்டனும் இல்லை.

டைனமோவில் வருகிற கரண்ட் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுகிறது, ரேடியோவுக்கு வேண்டியது ஒரே பக்கம் ஓடுகிற கரண்ட். சந்தியில் ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர் இதை விளங்கப்படுத்தி, செத்த ரேடியோ ஒன்றிலிருந்து நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் கழற்றிக் கொடுத்தார். டயோட் என்பது நெல்லு மணியளவு சாமான். கரண்டை ஒரு பக்கம் போகவிடும், மறுபக்கம் மறிக்கும். நாலையும் சதுரமாக ஒட்டினால், எந்தப் பக்கத்தால் வந்தாலும் ஒரே வாசலால்தான் வெளியேறும். கப்பாசிற்றர் அதிலுள்ள மேடுபள்ளத்தை நிரவும். அன்றிரவு தமிழோசை தெளிவாகக் கேட்டது. ஊரில் பாதிப்பேர் எங்கள் திண்ணையில் இருந்தார்கள்.

சுற்றுகிற வேலை எனக்கு. "டேய், ஒரே சீராச் சுத்தடா!" மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவருக்கு மூச்சுத் திணறும். வேகமாகச் சுற்றினால் ரேடியோ எரிந்துவிடும் என்று அண்ணை கத்துவார். கையை மாற்றும் அந்த ஒரு நொடியில் ஓர் ஊரின் பெயர் விழுங்கப்பட்டுவிடும். எந்த ஊர் என்று அறிய எல்லோரும் என்னைத் திட்டியபடி அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டும். 'சுத்தினவன் தான் குற்றவாளி' என்று ஒரு பெரியவர் பகிடியாகச் சொன்னார். அந்த ஒரு நொடிக்குத் தாக்குப்பிடிக்கச் சின்னப் பற்றரி ஒன்று நடுவில் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பேச்சு விழுந்திராது.

மகளுக்கு இதைத்தான் சொன்னேன். கம்பத்திலிருந்து வருவது முன்னும் பின்னும் ஓடுகிற கரண்ட், ஒரு செக்கனுக்கு ஐம்பது தரம். கேத்திலும் ஹீற்றரும் அதை அப்படியே குடிக்கும். ஆனால் வானின் லைட்டும் தண்ணீர்ப் பம்பும் பன்னிரண்டு வோல்டில் ஓடுகிறவை. அவற்றுக்கு வயர் போட்டாலும் போடாவிட்டாலும் சொந்தக்காரன் கதிரைக்கு அடியில் இருக்கும் பற்றரிதான். வயர் போட்டால் சார்ஜர் அந்த நாலு டயோட் செய்த வேலையைச் செய்து, 230 ஐ பதினாலு வோல்ட் சொச்சமாக இறக்கி, ஒரே பக்கமாகத் திருப்பி, பற்றரிக்குள் தள்ளும். லைட்டுக்கு வேண்டியதையும் அதுவே கொடுத்துவிடும். கம்பத்தில் கரண்ட் நின்றால் பற்றரி அந்தக் கணமே தோள்கொடுக்கும். லைட்டுக்கு ஒன்றும் தெரியவே வராது.

"அப்ப நீங்கள் சுத்தத் தேவையில்லை" என்றாள்.

தேவையில்லைத்தான். ஆனாலும் பல வருடமாக, இரவில் நித்திரை குழம்பினால் நான் முதலில் காதுகொடுப்பது அந்த விசிறியின் முனகலுக்கு. அது ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

சார்ஜர் பற்றரிக்குக் கரண்ட் ஊட்டுகிற விதம் எங்களூர்ப் பந்திக்குப் பக்கத்தில் வரும். பசியோடு வந்து குந்தினவனுக்கு முதலில் சோறு அள்ளி அள்ளிப் போடுவார்கள். அரைவயிறு தாண்டினதும் அவன் வாங்குகிற அளவு குறையும், பரிமாறுகிறவர் மட்டும் அகப்பையோடு நிற்பார். கடைசியில் கொஞ்சம் ரசம், கொஞ்சம் மோர். சார்ஜரும் முதலில் தன்னால் இயன்ற பதினைந்து அம்பியரையும் கொட்டும். பற்றரியின் வோல்ட் 14.4 க்கு ஏறியதும் அந்த உயரத்திலேயே நிறுத்திப் பிடிக்கும். பற்றரி இழுக்கிற அம்பியர் தானாகக் குறைந்துகொண்டு வரும். நிரம்பிவிட்டால் 13.6 அளவுக்கு இறங்கி, சும்மா துணைக்கு இருக்கும். எங்களுடையது 110 அம்பியர்-மணி ஈயப் பற்றரி. பாதி வெறுமையாக வந்து சேர்ந்தால் கணக்குப்படி நாலு மணித்தியாலத்தில் நிரம்ப வேண்டும், நடப்பில் ஓர் இரவு வேண்டும். கடைசி வாய்க்குத்தான் அதிக நேரம். பாதிக்குக் கீழே இறங்கவிடவும் கூடாது. அடிக்கடி இறங்கினால் ஈயத் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகி, பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. வோல்ட்மானிக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு துண்டு எழுதி ஒட்டிவைத்திருந்தேன்: '12.7 – நிறைவு. 12.2 – பாதி. 12 – கவனம்.' வானை வாங்கின வெள்ளைக்காரப் பெடியன் அதைக் கிழிக்கவில்லை. அழகாக இருக்கிறதாம்.

எனக்கு விளங்காமல் இருந்தது வேறொன்று. வானில் இரண்டு பற்றரி. எஞ்சினைக் கிளப்ப ஒன்று, மெல்லிய தகடுகள் நிறைந்தது, ஒரு கணம் நூற்றுக்கணக்கான அம்பியரை உதறிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். உள்ளே குடும்பம் நடத்த இன்னொன்று, தடித்த தகடு, கொஞ்சம் கொஞ்சமாக நாள்முழுக்கக் கொடுக்கும். என் மனைவி வைத்த பெயர் 'ஓடுற பற்றரி', 'வீட்டுப் பற்றரி'. ஓடும்போது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஆல்டர்னேற்றர் முதலில் ஓடுற பற்றரியை நிரப்பும். அதன் வோல்ட் போதுமான அளவு ஏறினதும் ரிலே ஒன்று 'டிக்' என்று ஒட்டி இரண்டையும் இணைக்கும். எஞ்சின் நின்றால் பிரிந்துவிடும். இரவு லைட் போட்டுக் கதை பேசி வீட்டுப் பற்றரி செத்தாலும் காலையில் வான் கிளம்ப வேண்டுமே, அதற்காக.

வயர் போட்டால் இரண்டும் சார்ஜ் ஆகும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. அந்த முக்கால் மணித்தியாலத்தில் வாத்தியாரும் சொல்லவில்லை.

ஒரு மாரிகாலம் முழுக்க வானை வாசலில் நிறுத்தி, வீட்டுச் சுவர்ப் பிளக்கிலிருந்து வயர் கொடுத்து வைத்திருந்தேன். தினமும் மானியைப் பார்ப்பேன். 13.6. பூரிப்பு. தைப்பொங்கலன்று பர்மிங்ஹாமில் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். பட்டு வேட்டி, பொங்கல் பானை, பிள்ளைகள் எல்லாம் ஏறியாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டிக்'. திரும்பவும் 'டிக்'. உள்ளே கூரை லைட் பளிச்சென்று எரிகிறது. பிரிட்ஜ் குளிர்கிறது. பம்ப் தண்ணீர் இறைக்கிறது. எஞ்சினுக்கு மட்டும் உயிரில்லை.

மனைவி பானையை மடியில் வைத்தபடி சொன்னாள்: "வீடு நல்லாத்தான் இருக்கு. போகத்தான் ஏலாது."

திருத்த வந்த இளைஞன் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு, "சார்ஜர் எந்தப் பற்றரிக்குப் போகிறதென்று பார்த்தீர்களா?" என்றான். பார்க்கவில்லை. சில வான்களில் சார்ஜர் இரண்டையும் கவனிக்கும். சிலவற்றில் ஒரு சுவிச் இருக்கும், எதற்கு வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். எங்களுடையது வீட்டுப் பற்றரியை மட்டும் ஊட்டுகிற ரகம். களவு அலாரமும் மணிக்கூடும் சேர்ந்து ஓடுற பற்றரியிலிருந்து முப்பது மில்லி அம்பியர் குடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் நாளொன்றுக்கு முக்கால் அம்பியர்-மணி வரும், இரண்டு மாதத்தில் நாற்பதைத் தாண்டிவிடும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை இரண்டுக்கும் நடுவில் பூட்டிவிட்டான். வீட்டுப் பற்றரி நிரம்பி வழியும்போது ஒரு சொட்டு ஓடுற பற்றரிக்கும் போகும். அக்கா வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பொங்கல் கல்லாக இறுகியிருந்தது.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்த கோடையில் அவவையும் வேல்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெம்புறோக்‌ஷயரில் கடலைப் பார்த்த மேட்டில் இடம் கிடைத்தது. நான் வயரை விரிப்பதையும் செருகுவதையும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தா. "இது ஆற்றை காணி?" என்று கேட்டா. சொன்னேன். "கரண்டுக்கு ஆர் காசு?" இரவு வாடகைக்குள் அடக்கம் என்றேன். சுற்றிவரக் கூடாரங்கள், வரிசையில் தண்ணீர்க் குழாய், வாளியோடு நடக்கும் ஆட்கள், கக்கூசுக்குக் கியூ. அம்மா எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தா.

"நாங்கள் காசில்லாமல் அகதியாப் போனம். நீங்கள் காசு குடுத்துப் போறியள்" என்றா.

அப்படிச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தா. நான் சிரிக்க ஒரு கணம் பிந்திவிட்டது. 1995 ஒக்டோபர் முடிவில் தென்மராட்சிப் பக்கம் போன அந்த இரவு எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மழை, நாவற்குழிப் பாலம், காலடி வைக்க இடமில்லாத சனம். சைக்கிளில் அரிசி மூட்டையும் உடுப்பும் ரேடியோவும். ஓட இடமில்லை, உருட்டிக்கொண்டு போனோம். கொஞ்சத் தூரம் போனதும் அண்ணை குனிந்து, டைனமோவைச் சில்லிலிருந்து விலக்கிவிட்டார். தள்ள இலேசாக இருக்கட்டும் என்று.

அம்மா அதைப் பற்றி மேலே ஒன்றும் பேசவில்லை. வானின் சின்ன அடுப்பில் புட்டவித்தா. பக்கத்து இடத்தில் கூடாரம் போட்டிருந்த கிழவர் மணம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். புட்டுக்குப் பதிலாகத் தன் பங்குக்கு ஒரு சரித்திரம் சொன்னார். இந்த நாட்டில் முகாமிடுகிறவர்களின் சங்கம் 1901 இல் தொடங்கியதாம். தொடங்கியவர் தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரர். அப்போது அதன் பெயரே சைக்கிளில் போய் முகாமிடுகிறவர்களின் சங்கம். கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுதான் போவார்களாம். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். "நாங்களும் சைக்கிளில்தான் போனம் எண்டு சொல்லு" என்றா. சொல்லவில்லை.

அதே மேட்டில்தான் முட்டைக் கதையும் நடந்தது, இரண்டு மூன்று வருடம் கழித்து. நடுச்சாமம் மனைவி என்னை எழுப்பினாள். "என்ன மணம் இது? முட்டைக் குழம்பு ஊசிப்போட்டுதே?" குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தாள். குழம்பில் ஒரு குறையுமில்லை.

எனக்கு மூக்குக்குள் ஏறின மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. அது ஊரிலிருந்து வந்த மணம். கரண்ட் இல்லாத காலத்தில் ஓட எண்ணெயில்லாமல் நின்ற கார்களின் பற்றரிகளைக் கழற்றி ரேடியோவுக்கும் குட்டி லைட்டுக்கும் பாவித்தார்கள். பெரியப்பா வீட்டு ஒஸ்டின் ஏ40 காரின் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சார்ஜ் போடுகிற கடைக்குப் போவது எனக்கும் அண்ணைக்கும் கிழமை வேலை. ஆடாமல் கொண்டுபோக வேண்டும். ஆடினால் அசிட் தெறிக்கும். தெறித்தது உடனே தெரியாது. சாரத்தை அம்மா தோய்த்தெடுத்த பிறகுதான் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், பேச்சும் அதற்குப் பிறகுதான் விழும். கடையில் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் ஒன்று முற்றத்தில் குலுங்கிக்கொண்டு நிற்கும். வாங்கில் பற்றரிகள் வரிசையாக, மூடிகள் கழற்றி, உள்ளே குமிழி குமிழியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் ரப்பர் குமிழ் பூட்டிய கண்ணாடிக் குழாய் ஒன்றை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு அசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குண்டு எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பார். உயர மிதந்தால் அசிட் கனம், சார்ஜ் ஏறியிருக்கிறது. தாழ்ந்தால் இன்னும் இல்லை. ஒருநாள் ஐந்து துளையில் குண்டு மிதந்தது, ஆறாவதில் அடியில் கிடந்தது. அந்தப் பற்றரியிலிருந்துதான் கூழ்முட்டை மணம் வந்தது. "ஒரு செல் செத்துப்போச்சு, தம்பி. இனி இதுக்கு ஊட்டினால் மற்ற அஞ்சும் சேர்ந்து வேகும்" என்றார். கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது.

வேல்ஸில் கதிரைப் பலகையைத் தொட்டேன். இளஞ்சூடு. ஆறு செல்லும் தலைக்கு இரண்டு வோல்ட் சொச்சம் தந்தால்தான் பன்னிரண்டு வோல்ட் பற்றரி. ஒன்று செத்தால் சார்ஜருக்கு அது தெரியாது. இன்னும் பசி என்று நினைத்து 14.4 ஐயும் ஐந்து செல்லுக்குள் திணிக்கும். நிரம்பிவிட்டது, போதும் என்று அது ஒருபோதும் முடிவெடுக்காது. பற்றரி கொதித்து, ஐதரசனும் அந்த நச்சு மணமும் வெளியே வரும். நெருப்புக்குச்சி கிழித்தால் அவ்வளவுதான்.

"ஒரு சுவிச்சும் தொடாதை, அடுப்பும் பத்தாதை. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளியில போ" என்றேன். நான் வெறுங்காலோடு மழையில் ஓடினேன். வாத்தியார் மூன்று தரம் சொல்வித்த ஒழுங்கு: முதலில் கம்பம். பொறி தட்டினாலும் அது பற்றரிக்குப் பக்கத்தில் தட்டக் கூடாது. வானின் கதவெல்லாம் திறந்துவிட்டு, கழிப்பறைக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் போர்வையோடு விடியும்வரை இருந்தோம். மகன் அதைத்தான் தன் சிறுவயதின் மிகச் சிறந்த விடுமுறை என்று இன்றைக்கும் சொல்கிறான்.

இப்போது முகாம்கள் வேறு மாதிரி. அந்த நாளில் வயர் உள்ள இடங்கள் கொஞ்சம். கூடாரக்காரர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், வெளியில் வந்தும் கரண்ட் வேண்டுமா என்று. இன்றைக்கு மின்சாரக் காரைக் கம்பத்தில் செருக வேண்டாம் என்று பல முகாம்களில் பலகையே வைத்திருக்கிறார்கள். முன்பு வயரை விரிக்கும்போது பக்கத்து வான்காரர் வந்து ஏதாவது குறை சொல்லாமல் போகமாட்டார். 'பிரான்சுக்குப் போனால் சோதனைப் பிளக் போட்டுப் பார், அங்கே லைவும் நியூட்ரலும் சில கம்பத்தில் மாறியிருக்கும், சுவிச்சை அணைத்தாலும் சாமானுக்குள் கரண்ட் நிற்கும்' என்று எனக்குச் சொன்னவர் அப்படி வந்த ஒருவர்தான். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் அது உண்மையாகி, அவரை நன்றியோடு நினைத்தேன். இப்போது பக்கத்து வான்காரரின் கண் தொலைபேசியில் இருக்கிறது. அவரை விடுங்கள், என் கண்ணும்தான்.

அன்று லைட்டைப் பற்றிக் கேட்ட மகள் போன வருடம் தனக்கென்று ஒரு வான் வாங்கினாள். லித்தியம் பற்றரி. கூரையில் இருநூறு வாட் சூரியத் தகடு. கம்பத்தைத் தேடி அலைகிற காலம் முடிந்துவிட்டது என்று எனக்கு வகுப்பெடுத்தாள். வயரைத் தரட்டுமா என்று கேட்டேன். "அப்பா, அது உங்கட காலத்துச் சாமான்."

நான் வாளியில் குந்தியிருந்தபோதே அவள் அழைப்பு வந்தது. ஸ்கொட்லாந்தில், எவிமோர் பக்கம். மூன்று நாளாக வானம் கறுத்துக் கிடக்கிறது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, தகட்டில் ஒன்றும் ஏறவில்லை. அதோடு பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தால் லித்தியம் சார்ஜ் வாங்காது. வாங்கினால் பழுதாகிவிடும் என்று பற்றரிக்குள் இருக்கும் காவற்காரனே கதவைப் பூட்டிவிடுவான். முதலில் வானைச் சூடாக்க வேண்டும், சூடாக்கக் கரண்ட் வேண்டும்.

"அந்த வயரை எறிஞ்சிட்டியளே?"

சனிக்கிழமை வந்தாள். சாப்பிட முன்பே வயரைக் கேட்டாள். வாசலில் விரித்தோம். குளிரில் விறைத்து, சுருண்ட வடிவை விடமாட்டேன் என்று நின்றது. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுவரை நடந்தாள், நான் மற்ற முனையை மிதித்துக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து மீற்றரும் ஈரத்துணியால் துடைத்தோம். துணி பழுப்பானது.

"எந்தப் பக்கம் முதல்?" என்றாள். தெரியும், சும்மா கேட்டாள்.

வானில் செருகிவிட்டு வந்து, சுவர்ப் பிளக்கை அவளே போட்டாள். உள்ளே சார்ஜர் விழித்துக்கொண்டது. புதுச் சார்ஜர், விசிறிச் சத்தம் இல்லை. நான் காதைக் கொடுத்தபடி நின்றேன். அவள் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்றேன்.

"பதின்மூண்டு தசம் எட்டு. ஏறுது."